ஒரே ஒரு இடம்தான் பாக்கி

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் பட்டறை வைத்திருக்கும் நண்பர்களுக்கு,

போன வாரம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு எங்கெங்கோ சுற்றி, இணையத்தில் வியாபாரிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டுத் தரும் நிறுவனங்களிடம் வந்து நின்றது. அங்கே இருந்த மூன்று பேரும் ஓட்டல் கிரைண்டர் செய்கிறவர்கள். மூன்று பேரும் ஒரே வருடத்தில், ஒரே நிறுவனத்தில், பணம் கட்டிப் பெயர் சேர்த்தவர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லப்பட்ட வாசகமும் ஒன்றேதான்: "சார், உங்க லைன்ல கோயம்புத்தூருக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

அந்த ஒரே ஒரு இடத்தை மூன்று பேரும் வாங்கியிருக்கிறோம். ஒருவர் 18,000 ரூபாய்க்கு, இன்னொருவர் 24,000க்கு, நான் 30,000க்கு. சிரித்துவிட்டு எழுந்து வந்தோம். வீட்டுக்கு வந்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தப்பு அவர்கள்மேல் மட்டும் இல்லை. விலை கேட்காமல் வாங்கியவன் நான். ஊத்துக்குளியில் கல் எடுக்கப் போனால் ஒரு ரூபாய்க்குப் பத்து நிமிடம் பேரம் பேசுகிற நாம், போனில் ஒரு பெண் "சார்" என்று நாலு முறை சொன்னதும் முப்பதாயிரத்தை அனுப்பிவிடுகிறோம்.

நான் ஒரு காரியம் மட்டும் ஒழுங்காகச் செய்தேன். முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு, அந்தப் பட்டியல் வழியாக வந்த ஒவ்வொரு அழைப்பையும் எழுதி வைத்தேன். யார், எந்த ஊர், என்ன கேட்டார், என்ன ஆயிற்று. வருடக் கடைசியில் எண்ணினால் 187 அழைப்பு. எண்ணிக்கையைக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் கதை வேறு.

61 பேர் வீட்டுக்கு டேபிள்டாப் கிரைண்டர் கேட்டவர்கள். நான் அதைச் செய்வதே இல்லை. பட்டியலில் 'வெட் கிரைண்டர்' என்ற ஒரே தலைப்பின் கீழ் பத்து லிட்டரும் ஒன்றரை லிட்டரும் ஒன்றாகக் கிடந்தன. 24 பேருக்குப் பழைய கிரைண்டர் வேண்டும். 38 பேர் என்னிடம் விற்க வந்தவர்கள்: கடன் தருகிறேன் என்பவர், பார்சல் சர்வீஸ்காரர், வேறொரு பட்டியல் நிறுவனத்துக்காரர். பணம் கட்டி ஒரு பட்டியலில் பெயர் ஏறியதும் அடுத்த பட்டியல்காரருக்கு நாம் 'கட்டக்கூடியவர்' என்று தெரிந்துவிடுகிறது. 42 அழைப்பு வெளி மாநிலங்களிலிருந்து.

இந்த 42ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். காம்போசிஷனில் இருக்கும் பட்டறை வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக்கூடாது, அது சட்டம். அதாவது பாட்னாவிலிருந்து ஒருவர் பத்து கிரைண்டர் கேட்டாலும் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு விற்கப்பட்டதோ 'ஆல் இந்தியா' திட்டம். விற்ற பெண் என் வரி நிலவரத்தைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் கோவை, திருப்பூர், ஈரோடு மட்டும் போதும் என்று சொல்லியிருப்பேன், விலையும் இறங்கியிருக்கும்.

இன்னொரு அடியும் உண்டு. கட்டணம் 30,000, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 5,400. ஆக 35,400. வழக்கமான பதிவில் இருப்பவர்கள் அந்த 5,400ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன்காரருக்கு அது கிடையாது. அவர் கையிலிருந்து போனது போனதுதான். உங்கள் கணக்குப் பார்ப்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள், ஏனென்றால் விற்பவர் சொல்லும் விலை எப்போதும் வரிக்கு முந்தைய விலை.

மீதி 22 பேர்தான் உண்மையிலேயே எனக்கான ஆட்கள். மெஸ், டிபன் கடை, கல்யாணச் சமையல் செய்பவர்கள். அதில் 9 பேர் வாங்கினார்கள். ஒரு கிரைண்டரில் எல்லாச் செலவும் போக எனக்கு நிற்பது 1,500 ரூபாய். ஒன்பதுக்கு 13,500. கட்டியது 35,400. நட்டம் 21,900.

இந்தக் கணக்கை எழுதிப் பார்க்காதவரை நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். 'ஒன்பது மெஷின் ஓடியிருக்கிறது, ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல் வியாபாரம், முப்பதாயிரம் போனால் என்ன?' என்று. நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். விற்பவரும் இதைத்தான் நம் வாயில் ஊட்டுவார்: "ரெண்டு மெஷின் வித்தாப் போதும் சார், காசு எடுத்துடலாம்." ரெண்டு மெஷினின் விலையை நம் கல்லாவில் போட்டுவிட்டுப் பேசுகிறார். இரும்புக்கு, கல்லுக்கு, மோட்டாருக்கு, கூலிக்கு யார் கொடுப்பது? என் கணக்கில் போட்ட காசை எடுக்கவே 24 மெஷின் விற்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வகுத்தலைப் போடுங்கள்: மொத்தக் கட்டணத்தை, ஒரு ஆர்டரில் கையில் நிற்கும் லாபத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்ணைப் பார்த்து, 'இத்தனை புது ஆட்கள் எனக்கு ஒரு வருடத்தில் வருவார்களா?' என்று உங்களையே கேளுங்கள்.

நியாயமாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். அந்த ஒன்பது பேரில் தாராபுரத்து மெஸ்காரர் ஒருவர் மறு வருடம் இன்னொரு மெஷின் வாங்கினார், தன் மச்சானுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். கல் கொத்தவும் பெல்ட் மாற்றவும் என்னிடம்தான் வருகிறார். அப்படிப் பார்த்தால் நட்டம் கொஞ்சம் குறைகிறது. ஒருமுறை வந்தவர் திரும்பத் திரும்ப வருகிற தொழிலாக இருந்தால் முதல் வருடக் கணக்கு மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஆனால் அந்த மெஸ்காரர் ஒருவருக்காக அடுத்த வருடமும் 35,400 கட்ட வேண்டுமா? அவர்தான் ஏற்கெனவே வந்துவிட்டாரே.

நாம் என்ன வாங்குகிறோம் என்பதையே நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். பழைய மஞ்சள் பக்கப் புத்தகம் போலத்தான் இதுவும் என்று நினைத்தேன். டெலிபோன் டைரக்டரியோடு ஒரு தடிப் புத்தகம் வரும். அதில் ஒரு கட்டம் வாங்கிவிட்டால் வருடம் முழுக்க அந்தக் கட்டம் நம்முடையது, கூப்பிடுகிறவர் நம்மைத்தான் கூப்பிடுவார். இப்போது அப்படி இல்லை. ஒருவர் 'ஓட்டல் கிரைண்டர் வேண்டும்' என்று தன் நம்பரைப் பதிந்ததும் அந்த விசாரிப்பு பல பேருக்குப் போகிறது. அதாவது, விற்கப்படுவது இடம் இல்லை, விசாரிப்பு. அதையும் நமக்கு மட்டும் விற்பதில்லை. நான் போன் எடுத்து "வணக்கமுங்க" என்று சொல்வதற்குள் எதிர்ச் சந்துக்காரர் ஐநூறு ரூபாய் குறைத்துச் சொல்லி முடித்திருப்பார். அவருக்கும் அதே நிமிடத்தில்தான் தகவல் வந்திருக்கிறது. இரண்டு பேரும் கட்டிய காசில், இரண்டு பேரும் விலையை அடித்து வீழ்த்திக்கொண்டோம். அது பேக்கரியில்தான் தெரிந்தது.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'மாதம் எத்தனை அழைப்பு வரும்?' அல்ல. 'ஒரு விசாரிப்பு எத்தனை பேருக்குப் போகும்?' என்பதுதான். பதிலை வாயால் வாங்காதீர்கள், மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில்.

பெரிய நிறுவனங்களை நான் குறை சொல்லவில்லை. ஜஸ்ட்டயல் 1996இல் வி.எஸ்.எஸ். மணி மும்பையில் போன் வழித் தகவல் சேவையாகத் தொடங்கியது; 2021இல் ரிலையன்ஸ் ரீட்டெயில் அதன் பெரும் பங்கை வாங்கியது. இந்தியாமார்ட்டும் 1996இல் பிறந்ததுதான். 2019இல் பங்குச் சந்தைக்கு வந்தது. இவர்களெல்லாம் கால் நூற்றாண்டாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியாமார்ட் 2024 வாக்கில் வெளியிட்ட கணக்கின்படி அதில் பெயர் பதிந்திருக்கும் விற்பனையாளர்கள் 75 லட்சத்துக்கும் மேல். பணம் கட்டுபவர்கள் சுமார் 2 லட்சம். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மற்றவர்கள் இலவசமாக இருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு, காசு கட்டாமலும் பெயர் போடலாம் என்று தெரியும்? எனக்குத் தெரியாது. காசு கட்டிய பிறகுதான் தெரிந்தது.

அப்படியானால் யாருக்குத்தான் இது பயன்படுகிறது? சாயிபாபா காலனிப் பக்கம் கரையானுக்கு மருந்து அடிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நாலு வருடமாகக் கட்டுகிறார், சந்தோஷமாகக் கட்டுகிறார். இரண்டு மாதத்தில் காசை எடுத்துவிடுவேன் என்கிறார். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. மரக்கதவில் கரையானைப் பார்த்தவர் இதற்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் முழிக்கிறார். சொந்தக்காரர்களில் அந்தத் தொழில்காரர் இருப்பதில்லை. இன்றைக்கே ஆள் வர வேண்டும். விலையும் அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் பட்டியலில் மேலே யார் இருக்கிறாரோ அவருக்கே வேலை. வீடு மாற்றும் லாரிக்காரர், ஏசி பழுது பார்ப்பவர், செப்டிக் டேங்க் வண்டிக்காரர் எல்லோரும் இந்த ரகம். வாங்குபவருக்கு ஆள் தெரியாது, அவசரம் அதிகம். அங்கே பட்டியல் நன்றாக வேலை செய்கிறது.

நம் லேத் பட்டறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாப் ஒர்க் எப்படி வருகிறது? பம்ப் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் பட்டியலைப் பார்த்தா ஷாஃப்ட் கடையக் கொடுக்கிறார்? போன லாட்டில் அளவு தப்பவில்லை, சொன்ன தேதிக்கு வந்தது, அதனால் இந்த லாட்டும் வருகிறது. அவர் வேறு கம்பெனிக்கு மாறினால் நம்மையும் கூட்டிப் போகிறார். முகம் தெரிந்த தொழில் இது. இதற்குப் பட்டியலில் காசு கட்டுவது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூரியரில் பத்திரிகை அனுப்புவது மாதிரி. லேத் வைத்திருக்கும் தம்பி ஒருவன் ஒரு வருடம் கட்டிப் பார்த்தான். வந்த அழைப்பில் பாதி, 'ஒரே ஒரு புஷ் செய்து தருவீங்களா?' என்று கேட்டவை. செய்து கொடுத்தான், காசும் வாங்கவில்லை. நல்ல பையன்.

கிரைண்டர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 1955இல் கோவைச் சபாபதி முதல் கிரைண்டரைச் செய்ததிலிருந்து இது இந்த ஊரின் பெயரோடு ஒட்டிய பொருள். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறோம். வெளியூர்க்காரர் 'கோயம்புத்தூர் கிரைண்டர்' என்று தேடுகிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே தேடுகிற இடத்தில் நாம் தெரிய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம். வீடியோ எடுத்து அனுப்பி, பட்டறை நம்முடையதுதான் என்று உறுதி செய்யச் சொல்வார்கள். அரை மணி நேர வேலை. 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பதிவைப் புதுப்பிக்க இத்தனை ரூபாய்' என்று யாராவது கூப்பிட்டால் வைத்துவிடுங்கள், கூகுள் இதற்குக் காசு கேட்பதில்லை. நான் முப்பதாயிரம் கட்டிய வருடத்தில் மேப்பில் என் பட்டறையின் புள்ளி மூன்று தெரு தள்ளி ஒரு பூக்கடை வாசலில் குத்தியிருந்தது. வந்தவர்கள் அங்கே போய் கிரைண்டர் கேட்டிருக்கிறார்கள். பூக்கார அக்கா பொறுமையாக வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு பைசா செலவாகவில்லை, அதைக் கவனிக்கத்தான் பதினோரு மாதம் ஆயிற்று.

வெப்சைட் செய்து கொடுக்கும் பையன்கள் 'ஐந்நூறு டைரக்டரியில் உங்கள் பெயரைப் போட்டுத் தருகிறேன், கூகுளில் மேலே வந்துவிடும்' என்று ஒரு திட்டம் விற்பார்கள். இது செத்துப் போன சரக்கு. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1994இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபிலோவும் இணையத் தளங்களைத் தலைப்புவாரியாக அடுக்கி வைத்ததுதான் யாஹூ. பின்னாளில் அந்தப் பட்டியலில் வியாபாரத் தளம் ஒன்று இடம்பெற வருடத்துக்கு 299 டாலர் ஆனது. தளத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிவிட்டாலும் கட்டியது திரும்பி வராது. உலகமே வரிசையில் நின்று கட்டியது. ஆள் வருவார்கள் என்பது ஒரு பக்கம். பெரிய பட்டியலிலிருந்து ஒரு இணைப்பு கிடைத்தால் கூகுள் நம்மை மதிக்கும் என்பது இன்னொரு பக்கம். அந்த ஆசையைப் பார்த்துப் புற்றீசல் மாதிரி ஆயிரம் குட்டிப் பட்டியல்கள் முளைத்தன. 2012 ஏப்ரலில் கூகுள் 'பெங்குயின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, காசுக்கு வாங்கிய இணைப்புகளால் மேலே ஏறிய தளங்களைக் கீழே தள்ளியது. 2014 கடைசியில் யாஹூ பட்டியலே மூடப்பட்டது. தன்னார்வலர்கள் இலவசமாக நடத்திய டிமாஸ் என்ற பட்டியலும் 2017இல் போய்விட்டது. இத்தனைக்கும் பிறகு பீளமேட்டில் ஒரு பையன் அதையே எட்டாயிரத்துக்கு விற்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கண்காட்சியில் ஸ்டால் போடும் பம்ப் நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'கண்காட்சிக் கையேட்டில் உங்கள் விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்' என்று ஒரு படிவம் வரும். இலவசம் போலவே தெரியும். அடியில் பொடி எழுத்தில், மூன்று வருடத்துக்கு வருடம் இத்தனை யூரோ என்று இருக்கும். இந்த ஏமாற்றுப் பட்டியல்களைப் பற்றி 2008இல் ஐரோப்பிய நாடாளுமன்றமே தீர்மானம் போட்டது. அவ்வளவு பேர் மாட்டியிருக்கிறார்கள். பொடி எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

என்னுடைய பெரிய முட்டாள்தனத்தை இன்னும் சொல்லவில்லை. பட்டியலில் போட்டிருந்தது என் நம்பர் இல்லை. அவர்கள் கொடுத்த ஒரு நம்பர். கூப்பிட்டால் என் போனுக்குத் திரும்பும். எத்தனை அழைப்பு வந்தது என்று அவர்கள் எண்ணுவதற்காக அந்த ஏற்பாடு. எனக்கு அது ஃபேன்சி நம்பர் மாதிரி அழகாகத் தெரிந்தது. தை மாதக் காலண்டரில் அச்சடித்து, நானூறு மெஸ்ஸுக்கும் டிபன் கடைக்கும் கொடுத்தேன். அடுத்த ஆவணியில் நான் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. நம்பர் நின்றுவிட்டது. தை வரைக்கும் நானூறு சுவரில் என் பெயரும், எனக்கு வராத ஒரு நம்பரும் தொங்கிக்கொண்டிருந்தன. பெயர் சேர்ப்பதானால், உங்கள் சொந்த நம்பர்தான் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த நம்பரை எங்கேயும் அச்சடிக்காதீர்கள்.

மாதத் தவணை என்றால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க ஒரு ஒப்புதலில் கையெழுத்து வாங்குவார்கள். எவ்வளவு வரைக்கும் பிடிக்கலாம், எந்தத் தேதி வரைக்கும் என்ற இரண்டு கட்டங்களையும் நீங்களே நிரப்புங்கள், காலியாக விடாதீர்கள். நிறுத்த வேண்டும் என்றால் உங்கள் வங்கியிலேயே அந்த ஒப்புதலை ரத்து செய்யலாம். விற்றவரின் போனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறவர்களுக்கு, நான் செய்யத் தவறியதைச் சொல்கிறேன். மச்சினன் போனையோ மகள் போனையோ வாங்கி, வாடிக்கையாளர் தேடுவது போல உங்கள் பொருளைத் தேடிப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் பக்கம் முதல் திரையில் வரவில்லை என்றால் உங்களுக்கு ஆள் எங்கிருந்து வருவார்? வந்தால், அந்தப் பக்கத்தில் மேலே இருக்கும் இரண்டு பேரையும் கூப்பிட்டு, 'அண்ணா, நானும் இதே தொழில்தான், கட்டினது வந்துதுங்களா?' என்று கேளுங்கள். போட்டிக்காரர்தான், ஆனால் நான் கேட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. வருடச் சந்தா வேண்டாம், மூன்று மாதம் மட்டும் என்று அடம் பிடியுங்கள். மாதக் கடைசியில் பேசுங்கள்; விற்பவருக்கும் இலக்கு இருக்கிறது, அப்போது விலை இறங்கும். நோட்டுப் போடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான்: ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு வேண்டவே வேண்டாம். சர்வீஸ் தொழிலுக்கு, உள்ளூர் எல்லைக்குள் மட்டும், கட்டலாம். கிரைண்டர், பம்ப் செய்பவர்கள் முதலில் இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் முழுக்கச் செய்துவிட்டு ஆறு மாதம் பொறுங்கள்.

கடைசியாக, 18,000, 24,000, 30,000 என்று மூன்று விலை வந்ததற்குக் காரணம் அந்தப் பெண்ணின் சாமர்த்தியம் மட்டும் இல்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு நாம் ஒருவருக்கொருவர் விலையைச் சொல்லிக்கொள்வதில்லை. ஏமாந்தது தெரிந்தால் கேவலம் என்று வாயை மூடிக்கொள்கிறோம். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே பேக்கரியில் கூடுகிறோம். கட்டியவர்கள் பில்லைக் கொண்டு வாருங்கள், கட்டப் போகிறவர்கள் வெறுங்கையோடு வாருங்கள். என் பில்லின் நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். கட்டணம் ரூ.30,000, ஜிஎஸ்டி ரூ.5,400. உங்களுடையது எவ்வளவு?

இப்படிக்கு,
கணபதியிலிருந்து ஒரு கிரைண்டர் பட்டறைக்காரன்